மிராசுதார் பங்களாவின் தூம்பை முதலில் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசலாற்றங்கரையில் பூட்டிக் கிடக்கும் மிராசுதார் பங்களாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். காலமான உரிமையாளர் இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று ஊரார் சொல்வதைக் கட்டுரையாளர் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். நடுநிசியில் கூடத்து ஊஞ்சல் தானாக ஆடுகிறது. மாடியில் குறட்டை கேட்கிறது. மச்சில் யாரோ நடக்கிறார்கள், பொத்தென்று எதையோ போடுகிறார்கள். அங்கே சிற்றெலும்புகள் குவிந்து கிடக்கின்றன. ஆடிக்காற்றில் முனகல் கேட்கிறது. ஆடி மாதத்தில் வாசற்கதவு தானே திறந்துகொள்கிறது. வெள்ளையடித்த சுவரில் அவர் முகம் மறுபடி மறுபடி வருகிறது. கொல்லைப் பக்கத்து நிலவறையில் விளக்கு அணைந்துபோகிறது.

இவற்றில் எதையும் பொய்யென்று சொல்ல இதை எழுதவில்லை. சுண்ணாம்புக் காரையும் தேக்கு விட்டமும் வைத்துக் கட்டிய டெல்டா வீடுகளில் வேலை செய்கிறவர்கள் நாங்கள். கொத்தனார், தச்சர், கட்டடப் பொறியாளர் எல்லோரும் சேர்ந்து எழுதுகிறோம். கட்டுரையில் உள்ள சத்தங்கள் அத்தனையும் பூட்டிய வீட்டில் உண்மையாகவே கேட்கும். அவற்றில் சில யாரையும் ஒன்றும் செய்யாதவை. சில, கூரை இறங்கப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஆவி என்று சொல்லிவிட்டால், பார்க்க வேண்டியதை யாரும் பார்க்காமலே ஒரு மழைக்காலத்தில் வீடு போய்விடும்.

வாசற்கதவிலிருந்து தொடங்குகிறோம். ஆடியில் தானாகத் திறக்கிறது, கார்த்திகையில் எவ்வளவு தள்ளினாலும் சாத்த முடிவதில்லை என்று கட்டுரையே சொல்கிறது. டெல்டாவின் பெரும்பகுதி களிமண். பங்குனி, சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணும் வற்றிச் சுருங்குகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரும். அரசலாற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓட ஓட, கரையோரக் கிணறுகளில் மட்டம் ஏறும், மண் ஊறி உப்பும். ஆற்றுப் பக்கத்துக் கடைக்கால் (அஸ்திவாரம்) முதலில் எழும்பும், தெருப் பக்கம் பின்தங்கும். கதவின் நிலைச்சட்டம் இரண்டு நூல் சாய்ந்தாலே போதும் (எட்டு நூல் ஓர் அங்குலம்); கீல் இல்லாமல் குடுமியில் (மேலும் கீழும் நீட்டியிருக்கும் முளையில்) சுழலும் கனத்த தேக்குக் கதவு தன் பாரத்தாலேயே மெல்லத் திறந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் குறுக்குவாட்டில் விரியும். இரண்டடிப் பலகை ஒன்றிரண்டு நூல் விரிந்தாலும் நிலையில் இறுகிக்கொள்ளும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கார்த்திகையில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை இழைத்துவிடுவது. மாசியில் மரம் காய்ந்ததும் விரல் நுழையும் இடைவெளி விழும், தாழ்ப்பாள் நாதாங்கியில் உட்காராது, அதன் பிறகு கதவு ஆண்டு முழுவதும் ஆடும். காய்ந்த மாதத்தில் தூக்குக்குண்டு விட்டு நிலையைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் குடுமி சுழலும் குழியைச் சரிசெய்யுங்கள், கதவைத் தொட வேண்டாம்.

கதவைவிட முக்கியம் நிலைக்கு மேலே சுவரில் ஓடும் விரிசல். மூலையில் தொடங்கிச் செங்கல் செங்கலாகப் படியேறும் விரிசல் மண் அசைவதைச் சொல்கிறது. விட்டத்தின் தலைக்குக் கீழே நேராக இறங்கும் விரிசல் மேற்தளத்தின் பாரத்தைச் சொல்கிறது. அது இன்னும் வளர்கிறதா, பழைய தழும்பா என்று தெரிந்துகொள்ள, ஒரு விரல் அகலமும் நான்கு விரல் நீளமும் உள்ள மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு முனையையும் காரையில் பதித்து, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். பூச்சின் மேல் பதிக்கக் கூடாது. பூச்சைச் சுரண்டிவிட்டுச் செங்கல்லிலேயே பதிக்க வேண்டும். இல்லையென்றால் பூச்சுதான் அசையும், கண்ணாடி பொய் சொல்லும். ஆற்றில் தண்ணீர் வருமுன், வந்தபின், மழை முடிந்தபின் என்று ஓர் ஆண்டு பார்க்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் விரிசலை அடைப்பது வீண். அந்தப் பக்கத்துச் சாக்கடையும் கூரைத் தண்ணீரும் கடைக்காலில் இறங்குகிறதா என்று தேடுவதுதான் வேலை.

மாடிக் குறட்டைக்கு வருவோம். கட்டுரையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் விளங்கிய இடம் இது. கூகை, சில ஊர்களில் சாக்குருவி என்பது, மரப்பொந்து கிடைக்காத இடத்தில் பூட்டிய வீட்டின் பரணிலும் மச்சிலும் முட்டையிடும். அடைகாப்பு ஏறக்குறைய ஒரு மாதம். பொரித்த குஞ்சுகள் இரை கேட்டு எழுப்பும் ஒலி கீச்சொலி அல்ல. மூச்சை இழுத்து இழுத்து விடும் சீறல். மரத்தளத்துக்குக் கீழே கூடத்தில் நிற்பவர் காதில் அது வயதானவரின் குறட்டையாகத்தான் விழும். அந்தி சாய்ந்ததும் தொடங்கி, தாய் இரையோடு வரும்போது வலுக்கும். சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் பறந்துவிட்டால் நின்றுபோகும். "அவர் சில மாதம் இருப்பார், சில மாதம் போய்விடுவார்" என்று ஊரார் சொல்வது இதனால்தான்.

மச்சில் கிடந்த சிற்றெலும்புக் குவியலும் கூகையுடையதே. எலியை முழுதாக விழுங்கும் பறவை அது. செரிக்காத எலும்பையும் மயிரையும் கட்டைவிரல் பருமனில் உருண்டையாகக் கக்கிவிடும். ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி, மூஞ்சூறு மண்டையோடுகள் உடையாமல் கிடைக்கும். இதைச் செய்வினை என்று நம்பிக் குடும்பங்கள் பரிகாரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் கூரையில் பாதியைச் செப்பனிடலாம். வயலில் எலியைப் பிடிக்கக் கூகை வந்து உட்கார வேண்டும் என்று டெல்டா விவசாயிகள் குச்சி நட்டு வைக்கிறார்கள். அதே பறவையை வீட்டில் கண்டால் கல்லெறிகிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு அவை நுழையும் சாளரத்துக்குக் கம்பிவலை அடியுங்கள். கொல்லையில் உள்ள உயரமான மரத்திலோ மாட்டுக்கொட்டகையின் உட்கூரையிலோ ஒரு பலகைப் பெட்டி வையுங்கள்: இரண்டடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, வாய் ஆறு அங்குலம். கூகை இடம் மாறும், எலியும் குறையும்.

நடக்கிற ஓசை இரண்டு வகை. இரவு எட்டு மணி முதல் பதினொன்று வரை, விட்டுவிட்டு, ஒரே இடத்தில் 'டக்' என்று கேட்டால் அது வெயிலில் காய்ந்த மேற்தளம் குளிர்வது. அந்தக் காலத்து பங்களாக்களில் தேக்கு விட்டத்தோடு இரும்பு உத்திரமும் போட்டிருப்பார்கள். இருபதடி இரும்பு இருபது டிகிரி குளிர்ந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். அந்தச் சுருக்கம் ஒரே இழுப்பாக வராமல் சுவரில் பிடித்துப் பிடித்து விடும். நடுநிசிக்குப் பிறகு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகரும் ஓசை என்றால் மரநாய். இரண்டு முதல் ஐந்து கிலோ எடையுள்ள விலங்கு, தினமும் ஒரே வழியில் போய்வரும். சந்தேகமிருந்தால் பொழுது சாயும்போது கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டு வந்து காலையில் தடத்தைப் பாருங்கள். கழிவில் பழ விதைகள் கிடந்தால் உறுதி. சமையல்கட்டுப் பக்கம் யாரோ உலை வைத்த வாசனை வருகிறது என்று பல வீடுகளில் சொல்வதற்கும் இதன் வாசனைச் சுரப்பி ஒரு காரணம். ஆடிக்காற்றில் கேட்கும் முனகலுக்கு, மேல்வாய் உடைந்த வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாயைத் தேடுங்கள். வெற்றுப் பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலியேதான். குழாயை மாற்றினால் முனகல் நின்றுவிடும்.

பொத்தென்று விழும் ஓசையை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தங்களில் எங்களைக் கவலைப்பட வைப்பது அது ஒன்றுதான். இந்த பங்களாக்களின் மேற்தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்டது. சுவருக்குச் சுவர் தேக்கு விட்டம், அதன்மேல் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சிறு தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலப் பருமன் உள்ள சிறு செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கெட்டித் தளம், கடைசியாகத் தட்டோடு. இது சரியாக இருந்தால் நூறாண்டு நிற்கும். கெடுவது பெரும்பாலும் தண்ணீரால், அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில்: சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் தலையில்.

நடக்கும் முறை இது. மொட்டை மாடியின் தூம்புவாயில் (மழைநீர் வெளியேறும் துளையில்) சருகும் வௌவால் எச்சமும் அடைத்துக்கொள்கின்றன. மழைத் தண்ணீர் நிற்கிறது. நூறு சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் சுமார் 236 கிலோ. நான்கு அங்குலம் நின்றால் ஏறக்குறைய ஒரு டன். கைப்பிடிச் சுவரின் அடியில் ஓர் அரசங்கன்று வேர்விட்டு, தளத்துக்கும் சுவருக்கும் நடுவே வழி திறக்கிறது. தண்ணீர் அந்த வழியே இறங்கி விட்டத்தின் தலையை நனைக்கிறது. தேக்கின் வைரப்பகுதியை (நடுவிலுள்ள கெட்டி மரத்தை) கறையான் எளிதில் தொடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறி உளுத்துவிட்டால் தேக்கும் தேக்காக இருக்காது. விட்டம் அரை அங்குலம் இறங்கியதும் குத்தாக நின்ற சிறுகல் பிடிப்பு விட்டு ஒவ்வொன்றாக உதிர்கிறது. இரவில் 'பொத்' என்று கேட்பது அந்தக் கல். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் முற்றத்துத் தாழ்வாரங்களின் ஓடுகளைப் பறித்துக்கொண்டு போன பிறகு, திரும்ப ஓடு போடாமல் விட்ட வீடுகளில் இந்தச் சேதம் இரட்டிப்பாகத் தெரிகிறது.

விட்டம் நலமா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சுவரோடு சேரும் இடத்தில் சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. மெல்லிய உளி அழுத்தினதும் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த அறையில் இனி யாரும் நடக்கக் கூடாது. முதல் வேலை முட்டுக்கொடுப்பது. விட்டத்தின் இரு முனையிலும் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, நேரான சவுக்குக் கட்டையை நிறுத்தி, கீழேயும் மேலேயும் கனத்த பலகை வைத்து ஆப்பு இறுக்குங்கள். ஆப்பைக் கையால் தள்ளி இறுகினால் போதும். சம்மட்டியால் அடித்து விட்டத்தைத் தூக்கப் பார்த்தால் மேலே உள்ள கல் மொத்தமாகச் சரியும்.

பிறகு உளுத்த தலையை அறுத்து நல்ல தேக்கை ஏப்புப் போட்டு (முனைகளைப் பொருத்தி இணைத்து) சேர்க்கலாம், அல்லது சுவரில் கல் தாங்கி வைத்து அதன்மேல் விட்டத்தை உட்கார்த்தலாம். எதைச் செய்தாலும் விட்டத்தலையைச் சுற்றி அரை அங்குலம் காற்றோட்டம் விட வேண்டும். சிமென்ட் வைத்து அடைத்தால் பத்தே ஆண்டில் திரும்ப உளுக்கும்.

தளம் மறுபடி போட வேண்டியிருந்தால் சுண்ணாம்பிலேயே போடுங்கள். பொதுப்பணித்துறையின் பழைய கணக்கே போதும்: முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கூடாது. சுட்ட சுண்ணாம்பு கட்டியாக வர வேண்டும், தண்ணீர் ஊற்றியதும் சீறிப் பிளக்க வேண்டும். மூட்டையிலேயே பொடிந்து வந்தால் காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு, திருப்பி அனுப்புங்கள். ஜல்லியை முதல் நாளே ஊறவைக்காவிட்டால் அது சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம். பரப்பியபின் மரக்கட்டையால் ஒரு வாரம் அடிக்க வேண்டும். நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே, கட்டை தளத்தில் பதியாமல் துள்ளும் வரை அடிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேலை கெடுவது இந்த அடியில்தான். கூலி மிச்சம் பிடிக்க இரண்டு நாளில் நிறுத்துகிறார்கள், அடுத்த ஐப்பசியில் ஒழுகுகிறது. ஒழுகியதும் மேலே தார் பூசுகிறார்கள், அல்லது நான்கு அங்குலம் கான்கிரீட் போடுகிறார்கள். தார் உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. கான்கிரீட் ஒரு சதுர அடிக்கு இருபது கிலோவுக்கு மேல் பாரம் கூட்டும். மெட்ராஸ் டெரஸ் இடிந்த வீடுகளில் கடைசியாகச் செய்த பழுதுபார்ப்பு என்னவென்று விசாரித்துப் பாருங்கள்; பாதிக்குப் பாதி இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

அரசங்கன்றை மேலே வெட்டிவிட்டு வருவதும் வீண், அடுத்த மழைக்கு இரண்டாகத் தழைக்கும். வேர் போன வழியில் செங்கல்லைப் பெயர்த்து, வேரை முழுதாக எடுத்து, அதே செங்கல்லைச் சுண்ணாம்பில் திரும்பக் கட்ட வேண்டும். சுண்டுவிரல் பருமனில் இருக்கும்போதே செய்தால் அரை நாள் வேலை.

சுவரில் வரும் முகம் உப்பு. தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியே மூன்று நான்கு அடி ஏறும். மண்ணில் இருக்கும் உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். சுவரின் மறுபக்கம் ஒரு காலத்தில் மாட்டுத்தொழுவம் இருந்திருந்தால், கோமியத்தில் ஊறிய வெடியுப்பும் சேரும். இந்த உப்புகள் மழையே இல்லாத நாளிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கறுக்கும், வெயில் ஏறினால் வெளுக்கும். அதனால்தான் முகம் வருகிறது, போகிறது, வெள்ளையடித்தாலும் திரும்ப வருகிறது. கறையில் கண்ணும் மூக்கும் தேடுவது மனிதக் கண்ணின் இயல்பு. கூடத்தில் அவருடைய படமும் மாட்டியிருந்தால் யார் முகம் என்று கேட்க வேண்டியதில்லை. இதற்கு சிமென்ட் பூசினால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, முகம் மேல்மாடிக்குப் போகும். கறைக்கு மேல் இரண்டடி வரை பூச்சை உரித்து, ஒரு கோடை முழுவதும் ஆறவிட்டு, ஊறிய காகிதக்கூழை அரை அங்குலக் கனத்துக்கு அப்பிக் காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். கூழ் உப்பை உறிஞ்சியிருக்கும். மூன்று நான்கு தடவை செய்தபின், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த காரையைப் பூசுங்கள். "பிடிப்புக்கு ஒரு சட்டி சிமென்ட் சேர்த்துக்கலாம்" என்று சொல்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஊஞ்சல் எளிது. எட்டடிச் சங்கிலியில் தொங்கும் கனத்த பலகை ஒரு முறை போய்வர மூன்று வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். முற்றத்திலிருந்து வரும் காற்றோ மரநாய் ஏறிக் குதித்ததோ ஒருமுறை அசைத்துவிட்டால் பல நிமிடம் ஓயாது, துருப்பிடித்த கொக்கியில் வளையம் தேய்ந்து கிரீச்சிடும். பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வையுங்கள், கொக்கிக்கு விளக்கெண்ணெய் விடுங்கள். வெற்று ஊஞ்சல் ஆடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதைக் கடைப்பிடித்ததாகவும் இருக்கும், ஊஞ்சலைத் தாங்கும் விட்டத்தின் பாரமும் குறையும்.

நிலவறை விளக்கு வேறு விஷயம். அங்கே உயிர் போகும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. நெடுநாள் மூடிய நிலவறையிலும் பாழுங்கிணற்றிலும் மக்கும் பொருள்கள் காற்றின் உயிர்வளியைத் தின்றுவிடும், கரியமில வாயு கனத்து அடியில் தங்கும். உயிர்வளி சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் அணையும். விளக்கு அணைந்த இடத்துக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது. விளக்கு எரிந்தாலும் மற்ற நச்சு வாயு இல்லையென்று பொருளாகாது. ஒரு முழு நாள் திறந்துவைத்து, மேலிருந்து மின்விசிறியால் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றால்தான் இறங்கலாம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்க வேண்டாம். இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக மூன்று நான்கு பேர் சாகிறார்கள். 101க்குத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

இரவில் கைபேசியோடு சுவரேறிக் குதித்து வீடியோ எடுக்கும் இளைஞர்கள் இதையும், மேலே விட்டத்தைப் பற்றி எழுதியதையும் படிக்க வேண்டும். கண்ணாடிவிரியன் சருகுக்குள் கிடந்தால் வெளிச்சம் அடித்தாலும் தெரியாது. கடித்துவிட்டால் கட்டுப்போட்டு வெட்டிக்கொண்டிருக்காமல், காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்டோம். ஆனால் ஊரார் ஏன் வேறு யாரையும் நினைக்காமல் அந்த மிராசுதாரையே நினைக்கிறார்கள் என்பதற்குக் கூகையும் களிமண்ணும் பதில் சொல்லாது. தஞ்சை மாவட்டத்துப் பண்ணைகளில் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் தண்டனையாக இருந்தது வரலாறு. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். அந்தத் திண்ணைக்கு எதிரே நிமிர்ந்து நிற்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். வீட்டைக் கடக்கும்போது அவர்களுக்கு நடை வேகமெடுத்தால் அதை மூடநம்பிக்கை என்று சிரிக்க எங்களுக்கு மனமில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதனால்தான் அந்த வீட்டில் மிச்சமிருக்கும் பண்ணைக் கணக்குகள் கறையானுக்குப் போகக் கூடாது என்கிறோம். யார் எத்தனை நாள் உழைத்தார், எத்தனை மரக்கால் நெல் கூலி வாங்கினார், எவ்வளவு கடன் என்று பெயரோடு எழுதிய ஏடுகள் பல பண்ணை வீடுகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அவற்றை வெயிலில் காயவைக்காதீர்கள், பிளாஸ்டிக் உறை ஒட்டாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றித் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள்.

வீடு பூட்டப்பட்டதற்குக் காரணமும் ஊரறிந்ததே. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆயிற்று. நிலத்தின் வருமானம் குறைய, பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். இன்று பாகம் பிரிக்காத சொத்துக்குப் பல வாரிசுகள். என் செலவில் ஏன் அவன் பங்கைப் பழுதுபார்க்க வேண்டும் என்று எல்லோரும் நிற்கிறார்கள். நடுவில் பேய்க்கதை சிலருக்கு வசதி. பேய் வீடு என்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில் இரவோடு இரவாகத் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றலாம். சத்தம் கேட்டாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் முதலில் காணாமற்போவது பித்தளைக் குமிழ், அடுத்தது கதவு, பிறகு மாடிப்படியின் கைப்பிடி.

வாரிசுகளுக்கு ஒரு யோசனை. பாகப்பிரிவினை முடியும் வரை காத்திருக்காமல், யார் செலவழித்தாலும் பிறகு பங்கில் கழித்துக்கொள்வது என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தாளை வழக்கறிஞர் மூலம் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூரில் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, நாள்தோறும் கதவையும் சாளரத்தையும் இரண்டு மணி நேரம் திறந்துவைக்கச் சொல்லுங்கள். மாலையில் மாடத்தில் விளக்கேற்றச் சொன்னாலும் நல்லதே. விளக்கேற்றப் போகிறவர் ஒழுகலை அன்றைக்கே பார்த்துவிடுவார். கடற்காற்றும் உப்பும் நேராக மோதும் தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊரில், பாழடைந்து கிடந்த கவர்னர் பங்களா செப்பனிடப்பட்டு நிற்கிறது. ஆற்றங்கரை வீட்டைக் காப்பது அதைவிட எளிது. மாநில மரபுசார் ஆணையத்துக்கான சட்டம் 2012லேயே இயற்றப்பட்டது. மாவட்ட நிர்வாகம் இத்தகைய வீடுகளைப் பட்டியலிட்டு, விட்டமும் தளமும் எந்த நிலையில் உள்ளன என்று பார்த்து வைக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு வீட்டைப் பற்றி எழுத நிருபர் போகும்போது, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் பகலில் கூட அனுப்புங்கள். ஊரார் சொல்வதையும் போடுங்கள், அவர் பார்த்ததையும் பக்கத்திலேயே போடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. மாடித் தூம்புகளை அடைப்பெடுப்பது, மொத்தென்று கேட்கும் விட்டங்களுக்கு முட்டுக்கொடுப்பது, சிறு அரசங்கன்றுகளைப் பிடுங்குவது, பறந்த ஓடுகளுக்குப் பதில் ஓடு போடுவது. நான்கு ஆள் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். புதுத் தளத்தை மட்டும் இப்போது தொடங்க வேண்டாம். போட்ட தளம் மழையில் நனைந்தால் இறுகாது. அது தை பிறந்த பிறகு.

இப்படிக்கு,
பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலையும் மரவேலையும் செய்வோர்,
கும்பகோணம் வட்டாரம்